நெருங்கிய வட்டாரங்கள்

அனாபொலிஸ். பிப்ரவரி. இரவு பத்தே முக்கால்.
பிழைதிருத்தும் மேசையில் நான்.
முதல் பக்கம் அச்சுக்குப் போக இன்னும் கால் மணி.

"செனட்டர் லெனோர் டிட்வெல் கூட்டங்களில் அழுகிறார்,
கழிப்பறையில் மாத்திரை விழுங்குகிறார்,
கோப்புகளைத் திறப்பதே இல்லை என்கின்றன
அவருக்கு நெருங்கிய வட்டாரங்கள்."

எழுவாய், பயனிலை எல்லாம் சரி.
பன்மைதான் உறுத்தியது.
எத்தனை பேர், ஹாலிஸ்?
"மூன்று" என்றான், கழுத்துத் துணியைச் சுற்றிக்கொண்டே.
கையுறை போடும்போது "இரண்டு."
லிஃப்ட் வந்ததும், உள்ளிருந்து,
"ஒருத்தர்தான். ஆனால் ரொம்பத் தெரிந்தவர்."
கதவு சாத்திக்கொண்டது.

அடித்திருக்கலாம். என் கையில்தான் பேனா.
ஒரே ஒரு 'கள்'.
விட்டுவிட்டேன்.
மறுநாள் அதைக் குடித்துத்தான்
சட்டமன்றமே தள்ளாடியது.

அந்த ஒருத்தரை எனக்கும் தெரியும்.
துறைமுகத்தோரம் மதியச் சாப்பாடு, நண்டு வடை,
பிழிந்து போட்ட எலுமிச்சைத் தோல்,
மேசைமேல் குப்புறக் கிடக்கும் கைபேசி.
டிட்வெல்லின் நாற்காலிக்கு அடுத்த நாற்காலியில்
இருப்பவரிடம் சம்பளம் வாங்குகிறார்.
பெயர் வேண்டாம் என்று கேட்டது
பயத்தால் அல்ல, வசதியால்.

பயந்தவளையும் பார்த்திருக்கிறேன்.
சிறைச்சாலை நர்ஸ் ஒருத்தி, குடிநீரில் ஈயம் என்று
சோதனைத் தாளை உள்சட்டையில் மடித்துக் கொண்டுவந்தாள்.
காரைவிட்டு இறங்கவில்லை. என்ஜினை அணைக்கவில்லை.
அவள் பெயரை நான் செத்தாலும் சொல்லமாட்டேன்.
அவளுக்கென்று தைத்த போர்வையைத்தான்
இவருக்குப் போர்த்தினோம்.

அதே வாரம் எங்கள் ஆசிரியர்
நாகரிகம் பற்றித் தலையங்கம் எழுதினார்:
கண்டவனெல்லாம் எழுத வந்துவிட்டான்,
ஆளைத் திட்டுகிறான், ஆதாரம் இல்லை, பண்பு இல்லை.
அவர் மனத்தில் இருந்தது லோவெல் ப்ரூயிட்,
கம்பர்லாந்தில் பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்ந்தவர்,
ராச்சாப்பாடு முடிந்ததும் தானே எழுதி
தானே வெளியிடுகிற வாய்த்துடுக்கு.

அவரும் எழுதியிருந்தார்:
"டிட்வெல்லின் தொப்பி, செத்த வாத்து.
டிட்வெல்லின் பாலச் சட்டம், பகல் கொள்ளை."
கீழே பெயர். கதவு எண் அறுபத்தொன்று, வில்லோ தெரு.
தொலைபேசி எண். "ஆறு மணிக்கு மேல் கூப்பிடவும்."

கூப்பிடவில்லை, கடிதம் போட்டார் டிட்வெல்:
"தொப்பி என் அம்மாவுடையது.
சட்டத்தில் நான்காவது அட்டவணையை
நீங்கள் தலைகீழாகப் படித்திருக்கிறீர்கள்."
ப்ரூயிட் அதை ஒரு வரி வெட்டாமல் வெளியிட்டு
அடியில் எழுதினார்: "தொப்பிக்கு மன்னிப்பு.
அட்டவணையை நேராகவும் படித்துவிட்டேன்.
கொள்ளைதான்."

எங்களுக்கும் ஒன்று எழுத உட்கார்ந்தாராம்.
உறையை எடுத்து, பெறுநர் என்று போட்டு
பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி இருந்தாராம்.
நெருங்கிய வட்டாரத்துக்கு
எந்தத் தெரு, எந்தக் கதவு?
வட்டத்துக்கு வாசல் ஏது?

மார்ச்சில் குழுத் தலைமை பறிபோனது.
மாத்திரை, தைராய்டுக்கு.
அழுதது ஒரே ஒரு முறை, தம்பி இறந்த அன்று.
இதுவும் எங்கள் பத்திரிகையில்தான் வந்தது,
பதினான்காம் பக்கம், டயர் விளம்பரத்துக்குக் கீழே.
அதற்கும் பிழைதிருத்தியது நான்.
ஓர் ஒற்று மிகுந்திருந்தது. நீக்கினேன்.

மொட்டைக் கடிதம் என்று சொல்வோமே,
அதற்குச் சிகை வைத்துச் சீவி
கோட்டு மாட்டி, டை கட்டி
முதல் பக்கத்தில் உட்காரவைக்கும் கடைதான் இது.
இருபத்திரண்டு வருடமாக
எனக்குச் சோறு போடும் கடை.

இவ்வளவும் உங்களுக்குச் சொன்னது யார் என்றால்,
வீட்டுக் கடன் இன்னும் ஒன்பது வருடம் பாக்கி.
பத்திரிகை அலுவலகத்துக்கு
நெருங்கிய வட்டாரங்கள்
என்று போட்டுக்கொள்ளுங்கள்.